ஈரக்குப்பை மேடம்

மேடம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "தொற."

பருத்திப்பட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிது. ஈரக்குப்பையைத் தனியாக எடுத்துப்போய் எதிர் மனையில் மேடத்திடம் கொடுத்துவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடலாம் என்று பல்கூடத் துலக்காமல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கொடுப்பதற்கு முன்னால் திறந்து காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

திறந்தேன். ஒரு மூங்கில் குச்சியால் எங்கள் வீட்டு முந்தின நாள் சமையலைக் கிளறினார். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பழத் தோல், டிகாஷன் இறக்கிய காபித் தூள். குச்சி ஓரிடத்தில் நின்றது. நுனியில் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு ஒட்டியிருந்தது. அதை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இது இன்னா?"

"பால் பாக்கெட் மூலைங்க. கத்தரிக்கும்போது விழுந்திருக்கும்."

"ஊட்ல இத்த துன்வீங்களா?"

"இல்லீங்க."

"அப்போ மண்ணு மட்டும் துன்னணுமா? பொறுக்கு."

பொறுக்கினேன். அந்த மாதம்தான் அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. முருங்கைச் சக்கைக்குள் விரலை விட்டு மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தபோது அது கொஞ்சமும் ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்குப் பின்னால் வாளிகளோடு நின்றவர்கள், புதுப் பையன் நீச்சல் கற்றுக்கொள்வதைப் பார்ப்பதுபோலப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடத்துக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. குட்டை. எப்போதும் நைட்டி, அதன் மேல் தோளில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு. கழுத்தில் நீலப் பட்டையில் ஓர் அடையாள அட்டை. அதே பட்டையில் ஒரு விசில். இந்த இரண்டும் இல்லாவிட்டால் பால் வாங்கப் போகிற எந்தப் பெண்ணையும் போலத்தான் இருந்திருப்பார். இருந்ததால் எங்கள் அடுக்ககமே அவரைக் கண்டு நடுங்கியது.

அட்டை எப்போதும் திரும்பியே இருக்கும். பின்பக்கத்து வெள்ளைதான் தெரியும். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கழுத்தில் பட்டை தொங்கினால் அந்த ஆள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே பழக்கிவிட்டார்கள். நாங்களும் அதே மாதிரிப் பட்டையை மாட்டிக்கொண்டுதான் தினமும் அம்பத்தூருக்கும் அதற்கு அப்பாலும் போய்வந்துகொண்டிருந்தோம்.

அந்த மனை ஏரிக்குப் போகும் தெருவில், எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. பழைய இரும்புக் கட்டிலின் தலைமாட்டைத்தான் கதவாகக் கட்டியிருந்தார். உள்ளே கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறைகள் சில, பக்கவாட்டில் ஓட்டை போட்டு நிறுத்தப்பட்டிருக்கும். தகரத்தின் கீழே காய்ந்த சருகுக் குவியல். ஒரு பீப்பாயில் சாணித் தண்ணீர். காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். திறந்து காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் உறைக்குள் கொட்டி, மேலே இரண்டு கை சருகு போட்டுவிட்டுப் போகலாம். தலையாட்டாவிட்டால் அன்றைக்கு அலுவலகத்துக்குத் தாமதம்.

உரம் போடுவதைப் பற்றி மேடத்துக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாண வீட்டு மிச்சத்தை, சாம்பார் ரசம் பாயசத்தோடு, மொத்தமாக ஓர் உறையில் கொட்டிவிட்டார். சில நாளில் அது புழுவாக நெளிந்து, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. என் மனைவி போய்க் கேட்டாள்.

"என்ன மேடம், இவ்வளவு புழு?"

"அது வேணும்னு உட்ட புயு. ஆர்டர் வந்துகீது."

என் மனைவி திரும்பி வந்து, மிக நவீனமான முறை ஏதோ நடைமுறைக்கு வந்திருப்பதாக என்னிடம் சொன்னாள். நானும் நம்பினேன்.

"ஆர்டர் வந்துகீது." மேடத்தின் வாயிலிருந்து அதிகம் வந்த வாக்கியம் இதுதான். ஆப்பிளில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துவிட்டுத்தான் தோலைப் போட வேண்டும், ஆர்டர். ஆயுத பூஜைக்குத் தெருவில் உடைத்த திருஷ்டிப் பூசணிக்காயை அவரவர் வீட்டு முன்னாலிருந்து அவரவரே பொறுக்கிவர வேண்டும், ஆர்டர். பொங்கல் முடிந்ததும் கரும்புச் சக்கையை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொண்டுவர வேண்டும், அதுவும் ஆர்டர். நறுக்கினோம். கணினியில் பெரிய பெரிய வேலை செய்கிறவர்கள் பால்கனியில் சம்மணமிட்டு உட்கார்ந்து சக்கை நறுக்கினோம்.

ஆர்டர் மெல்ல மெல்லக் குப்பையை விட்டு வெளியேயும் வரத் தொடங்கியது. ஏ பிளாக்கில் கல்யாணமாகாத பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து குடியிருந்தார்கள். மூன்று வேளையும் வெளியிலிருந்து வரும் சாப்பாடுதான். ஒருநாள் அவர்களில் ஒருவனை விசிலடித்து நிறுத்தினார்.

"இன்னா நைனா, உங்க ஊட்லேர்ந்து ஒரு வெங்காயத் தோலுகூட வர்ல? அடுப்பே பத்த வைக்கறதில்லியா?"

"டைம் இல்ல மேடம்."

"வாரத்துல ஒரு நாளாச்சும் ஊட்ல சோறாக்கணும். ஆர்டர் வந்துகீது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன்கள் குக்கர் வாங்கினார்கள். முதல்நாள் சாம்பார் எப்படி வந்தது என்பது மறுநாள் வாளியிலேயே தெரிந்தது, முழுசாக வந்திருந்தது. மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பயகிடும்" என்று ஏற்றுக்கொண்டார்.

இது வேடிக்கையாக இருந்தது. ஆனால் வண்டியை எங்கே நிறுத்தலாம், எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வழிகிறது, எந்தப் பையன் தெருவில் வேகமாக பைக் ஓட்டுகிறான் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஆர்டர் வந்துகொண்டே இருந்தபோது எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது. அப்போது நான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராகியிருந்தேன். தேர்தல் நடந்த கூட்டத்துக்குப் போகாததால் கிடைத்த பதவி. என் மனைவிதான் ஒருநாள் கேட்டாள், "ஆமா, இந்தம்மா எந்த ஆபீசு?"

எனக்கு முன்னால் செயலாளராக இருந்தவரைக் கேட்டேன். நகராட்சியிலிருந்து போட்டிருப்பார்கள் என்றார். குப்பை லாரிக்காரரைக் கேட்டேன்.

"அந்தம்மாவா? உங்க சங்கத்து ஆளுதான சார்? நாங்களே பயந்துகினு கீறோம்."

அவர்கள் எங்கள் ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். நாங்கள் அவர்கள் ஆள் என்று நினைத்திருக்கிறோம். இதை மேடத்திடமே கேட்டுவிடலாம் என்று ஒருநாள் காலையில் வாளியோடு போனேன். என்னைப் பார்த்ததும், "இன்னா செயலாளரே, நேத்து உங்க வாளில முட்ட ஓடு நசுக்காம வந்துச்சே?" என்றார். "இனிமே நசுக்கறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மேடத்துக்கு அதிகம் பயந்தவர் பி பிளாக் மூன்றாம் மாடியில் இருந்த கோயம்புத்தூர்க்காரர். அலுவலகத்தில் பெரிய கூட்டத்தையே கட்டி மேய்க்கிறவர். போனில் அவர் ஆட்களை விரட்டுவது லிஃப்ட் வரைக்கும் கேட்கும். அதே மனிதர் மேடத்திடம் காட்டுவதற்கு முன்னால் குப்பையைக் குழாயில் அலசி எடுத்துவருவார். ஒரு வெள்ளிக்கிழமை வாழை இலைக்கு அடியில் பிரியாணி எலும்புகளை ஒளித்துவைத்திருந்தார். மேடம் குச்சியை எடுக்கவே இல்லை. மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சினார்.

"வெள்ளிக்கெயம அதுவுமா கோயி. ஊட்ல தெரியுமா?"

"இல்லீங்க மேடம். அவ ஊருக்குப் போயிருக்காளுங்க."

"எலும்ப எடுத்துகினு போ. இத்த போட்டா நாயி வந்து நோண்டும். ஊட்டம்மா வந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போ."

அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நாங்கள் நசரத்பேட்டையில் இருக்கிறோம். இங்கே ஈரக்குப்பைக்கென்று போனில் ஒரு செயலியே இருக்கிறது. குப்பை கொடுத்தால் அது கைதட்டுகிறது, பூவெல்லாம் தூவுகிறது. என்னுடைய மாடியில் என்னைத் தவிர வேறு யாரும் அதைத் திறந்து நான் பார்க்கவில்லை. மேடம் இன்னமும் பருத்திப்பட்டில்தான் இருக்கிறார் என்று கேள்வி. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். வெறுங்கையோடு போனால் திட்டுவார், வாளியோடு பஸ்ஸில் போனால் மற்றவர்கள் திட்டுவார்கள்.

மேடத்தின் குட்டு உடைந்தது நாங்கள் அங்கே இருந்தபோது, ஒரு மார்கழி மாதக் காலையில்.

ஏரிப்பக்கம் பனி இறங்கியிருந்தது. உறைகளில் ஒன்று அப்போது நன்றாகச் சூடேறி வெந்துகொண்டிருந்தது. அதற்குள் புழுவெல்லாம் ஒழிந்து, மேடத்துக்கும் வேலை கைவந்திருந்தது. பனிக்குளிரில் அந்த உறையிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பி தெருவரைக்கும் வந்தது. சி பிளாக்குக்குப் புதிதாக வந்திருந்த ஒருவர் பால்கனியிலிருந்து அதைப் பார்த்திருக்கிறார். நல்ல மனிதர், பொறுப்பானவர். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டார்.

மணி அடித்துக்கொண்டு சிவப்பு வண்டி தெருவுக்குள் நுழைந்தது. நாங்கள் எல்லாரும் பால்கனிக்கு வந்தோம். பிறகு கீழேயும் இறங்கினோம். வீரர்கள் குழாயை இழுத்துக்கொண்டு மனையை நோக்கி ஓடினார்கள். மேடம் கட்டில் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். விசிலை வாயில் வைத்து ஊதினார். தீயணைப்பு வீரர்கள் நின்றுவிட்டார்கள். அவர்களும் பட்டைக்குப் பழகியவர்கள்தானே.

வண்டியோடு வந்த அதிகாரி, தலை நரைத்த நிதானமான மனிதர், முன்னால் வந்தார்.

"தள்ளிக்கங்கம்மா. உள்ள புகையுது."

"அது பொக இல்ல, ஆவி. உள்ளுக்குள்ள வெந்துகினு கீது. தண்ணி அடிச்சீங்கன்னா இத்தினி நாள் பாடுபட்டதெல்லாம் நாஸ்தி."

"நீங்க யாரும்மா?"

"நான்தான் இங்க இன்சார்ஜு."

"எந்த டிபார்ட்மெண்ட்?"

மேடம் விசிலை மறுபடியும் வாயில் வைத்தார். அதிகாரி மரியாதைக்குறைவாக ஒன்றும் செய்யவில்லை. எழுதிக்கொள்வதற்காக, மேடத்தின் கழுத்தில் தொங்கிய அட்டையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"எல்.கே.ஜி., பி செக்ஷன். குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவர். உறவுமுறை, அத்தை."

அட்டையில் இரட்டைப் பின்னலோடு ஒரு குட்டிப் பெண்ணின் படம் இருந்தது. பக்கத்தில் சின்னதாக மேடத்தின் படம். மேடத்தின் தம்பி மகள் அவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையை யாரிடம் அனுப்பலாம் என்று தெரிந்துகொள்வதற்காக வீட்டாருக்குக் கொடுக்கிற அட்டை அது.

அதிகாரி சிரிக்கவில்லை. உள்ளே போய் உறைக்குள் கையை விட்டுப் பார்த்தார். கையை உதறிக்கொண்டு வெளியே வந்து, "ஆவிதான். நல்லா சூடா இருக்கு" என்றார். வண்டி பின்பக்கமாகவே தெருவை விட்டு வெளியேறியது. அந்தக் குறுகிய தெருவில் அது திரும்பிப்போக எடுத்துக்கொண்ட நேரம் முழுவதும் மேடம் அதே இடத்தில் நின்றார். அட்டை நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி விட்டுக்கொள்ளவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே கார் நிறுத்துமிடத்தில் அவசரக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்த்தால், எல்லாருடைய நகையையும் மேடம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாற்போல இருந்தது. கோயம்புத்தூர்க்காரர்தான் எல்லாரையும்விடக் கொதித்தார்.

"ஏமாத்தியிருக்காங்க. ஆபீசர்னு சொல்லி ஏமாத்தியிருக்காங்க. எலும்பப் பொறுக்க வெச்சாங்களே, சும்மா விடறதா? போலீசுல எழுதிக் குடுக்கணுமுங்க."

"யாரு ஆபீசர்னு சொன்னது?"

மேடம் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அதே நைட்டி, அதே துண்டு. கழுத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

"சொல்லுபா. நான் எப்பவாச்சும் ஆபீசர்னு சொன்னனா?"

யோசித்துப் பார்த்தோம். சொன்னதில்லை.

"ஆர்டர்னு சொன்னீங்களே?" என்றேன். செயலாளர் என்ற முறையில் ஏதாவது கேட்க வேண்டுமே.

"ஆமா. யாரு ஆர்டர்னு கேட்டியா? ஒருத்தராச்சும் கேட்டீங்களா? எல்லாம் நான் போட்ட ஆர்டருதான். எம் மனைக்கு நான் போடாம வேற யாரு போடுவா?"

அந்த மனை அவருடையது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏதோ புறம்போக்கு நிலம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஏரிப் பாசனத்தில் அவர்கள் குடும்பத்துக்கு இருந்த நிலமெல்லாம் வீடுகளாகிப்போன பிறகு, அவர் பங்குக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். விற்றுவிடலாம் என்று தம்பி நச்சரித்துக்கொண்டிருந்தாராம். இவர் இசையவில்லை.

"நீங்கள்லாம் இந்தக் கட்டடத்துக்கு வந்ததுலேர்ந்து எம் மனைலதான் கவர் கவரா வீசிகினு இருந்தீங்க. ஒவ்வொரு ஊடா வந்து கேட்டேன். வீசாதீங்கமா, வீசாதீங்கபானு கைய புட்ச்சிகினு கேட்டேன். இங்க குந்தினு கீறவங்கள்லயே பாதிப் பேராண்ட கேட்டுகீறேன். யாருக்காச்சும் ஞாபகம் கீதா?"

யாருக்கும் ஞாபகமில்லை. நாற்காலிகளை நகர்த்திப் போட்டுக்கொண்டோம்.

"ஒருநாள் கொயந்தைய ஸ்கூல்ல உட்டுட்டு வர்றேன். அட்டைய கயட்ட மறந்துட்டேன். ஒருத்தன் கவர ஓங்கிகினு நிக்கறான். என்னப் பாத்தான், அட்டையப் பாத்தான். 'சாரி மேடம்'னு கவர எடுத்துகினு உள்ள ஓடிட்டான். எனுக்கு மொதல்ல புரியல. மேடம்னு யாரக் கூப்புடுறான்னு திரும்பிப் பாத்தேன். பின்னாடி ஒரு மாடுதான் நின்னுச்சு."

ஒருவர் சிரித்துவிட்டார். மற்றவர்கள் அவரை முறைத்தார்கள்.

"அன்னிலேர்ந்து மாட்டிகினேன். கலீஜா கெடந்த எடம் சுத்தமாச்சு. உங்களுக்கு இன்னா நட்டம்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். போலீசுக்கு எழுதிக் கொடுப்பது பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் யாரும் வாளியோடு போகவும் இல்லை. ஆர்டர் இல்லை என்று தெரிந்த பிறகு எதற்குத் திறந்து காட்ட வேண்டும்? மேடமும் வெளியே வரவில்லை. உறைகளைக் கோணி போட்டு மூடி வைத்திருந்தார். சில நாளிலேயே முதல் கவர் சுவரைத் தாண்டிப் பறந்தது.

கலந்து கட்டிய குப்பையை லாரிக்காரர்கள் எடுக்க மாட்டோம் என்றார்கள். கார் நிறுத்துமிடத்தில் பைகள் குவிந்தன. "அன்பார்ந்த குடியிருப்போருக்குப் பணிவான வேண்டுகோள்" என்று நான் வாட்ஸ்அப்பில் மன்றாடினேன். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டு பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். கட்டைவிரல் காட்டியவர்களின் பைகள்தான் முதலில் கிழிந்து ஒழுகின.

முதலில் திரும்பிப் போனவர் கோயம்புத்தூர்க்காரர். நான் நடைப்பயிற்சி முடித்து ஏரிக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். மூடிய வாளியோடு கட்டில் கதவுக்கு வெளியே அவர் நின்றிருந்தார். உள்ளே மேடம் சருகைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இத எங்க போடறதுங்க?"

"எல்.கே.ஜி. ஆண்ட வந்து இன்னா கேக்குற? போயி போலீசாண்ட கேளு."

"அப்படிச் சொல்லாதீங்க. கோபத்துல பேசிட்டனுங்க."

"இப்போ மட்டும் இன்னாத்துக்கு வந்த?"

அவர் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆபீசுல எல்லாத்தையும் நாந்தான் திட்டோணும். ஊட்டுலயும் எனக்குப் பயப்படுறாங்க. காத்தால உங்ககிட்ட நாலு வாங்கிட்டுப் போனாத்தானுங்க எனக்கே ஒரு ஒழுங்கு வருது."

மேடம் சல்லடையைக் கீழே வைத்தார். அவரை மேலும் கீழும் பார்த்தார். குச்சியைத் தேடி எடுத்தார். வாளியில் ஒரு ரப்பர் பேண்டு இருந்தது. அதற்கு அவர் திட்டிய திட்டு எங்கள் தெரு முழுவதும் கேட்டது. அதைக் கேட்டு வாரக்கடைசிக்குள் பாதிப் பேர் வாளியோடு வந்துவிட்டார்கள். மிச்சப் பேர் அடுத்த வாரம். அட்டை இல்லை, விசில் மட்டும் இருந்தது. மேடம் மேடமாகவே இருந்தார். எல்லாம் தெரிந்த பிறகும், "ஆர்டர் வந்துகீது" என்று அவர் சொன்னால், "சரிங்க மேடம்" என்றுதான் வாயில் வந்தது.

உண்மையான அட்டை அதற்குப் பிறகுதான் வந்தது. எங்கள் பக்கத்துக் குப்பையை எடுக்கப் புதிதாக ஒரு காண்டிராக்ட் கம்பெனி வந்திருந்தது. ஆங்காங்கே ஈரக்குப்பை வாங்கும் இடங்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். மேடத்தின் மனையைப் பார்த்தார்கள். ரெடியாக வரிசையே நிற்கிறது. அதையே தங்கள் இடமாக வைத்துக்கொள்ளக் கேட்டார்கள். சம்மதித்தார். பச்சைத் தொட்டிகள் வந்தன, பெயர்ப்பலகை வந்தது, பச்சை மேலங்கி வந்தது. அட்டையும் வந்தது. மேடம் அதை நேராக மாட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து காட்டினார்.

"பாரு, இதுல எம் மூஞ்சி மட்டுந்தான் கீது."

என் மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். தூளை வடிகட்டி வாளியில் போட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

ஆனால் அந்த அட்டையை மாட்டியதிலிருந்து அவர் குரல் இறங்கிவிட்டது. கம்பெனி சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். தொட்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வரிசை கோணக் கூடாது, அவ்வளவுதான். வாளியைத் திறக்கச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உறைகளை ஒதுக்கிவிட்டு, குப்பையைத் தொட்டியில் சேர்த்து, லாரியில் ஏற்றிப் பெரிய உரக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அப்படித்தான் போகிறது என்று அவர் நம்பினார். நாங்களும் நம்பினோம்.

ஒருநாள் காலையில் நாங்கள் சிலர் வாளியோடு நின்றிருந்தோம். லாரி வந்தது. ஓட்டுநர் நடுவயதுக்காரர், தனியாக வந்திருந்தார். பின்பக்கத் தூக்கியை இயக்கி, எங்கள் தொட்டிகள் நாலைந்தையும் மேலே ஏற்றிவிட்டு, ஒன்றைக் கவிழ்க்கப் போனார். லாரிக்குள் ஏற்கெனவே கிடந்தது எல்லாம் கலந்த குப்பை. பிளாஸ்டிக், டயப்பர், உடைந்த கண்ணாடி.

மேடம் ஓடினார். "அண்ணாத்தே, இன்னா பண்ற? இது ஈரக்குப்ப."

"தெரியும்மா. ஈர வண்டி ரிப்பேரு. எல்லாத்தையும் ஒண்ணா ஏத்தச் சொல்ட்டாங்க."

"யாரு?"

"மேலேர்ந்து."

"மேலன்னா யாரு? பேரச் சொல்லு."

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "போனு வந்துச்சும்மா. யாரு எவருன்னு கேட்டுகினு இருந்தா எனுக்கு வேல போயிடும். ஒருவாட்டியா, ரெண்டுவாட்டியா? அப்பப்ப நடக்கறதுதான்."

"அப்பப்ப நடக்குதா?"

அவர் வேறு பக்கம் பார்த்தார்.

மேடத்தின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லக் கலைந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். நன்றாகச் சிரித்தார்.

"இந்தப் பேட்டைல ஆர்டர்னு ஒண்ண கண்டுபுட்ச்சதே நானு. எனுக்கேவா?"

கழுத்திலிருந்த அட்டையைத் தலைவழியாகக் கழற்றினார். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் மாட்டினார். பச்சை மேலங்கியையும் அவிழ்த்து அதன் மேலேயே போட்டார்.

"அவங்களாண்டயே குத்துடு. எனுக்குத் தோது படல."

தொட்டிகள் லாரியின் பின்தட்டில் நின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். அவர் ஒருவரால் இறக்க முடியாது. எங்கள் பக்கம் திரும்பினார். நான் நின்றிருந்தேன், ஏ பிளாக் பையன்களில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அலுவலகத்துக்குப் புறப்பட்டு வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்த கோயம்புத்தூர்க்காரர் நின்றிருந்தார். ஆர்டருக்காகக் காத்திருந்தோம். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் எறக்கித் தர்றீங்களாபா?"

குரல் எழும்பவில்லை. யாரிடமோ கேட்கிறார் என்று நினைத்து ஒரு நிமிடம் நாங்கள் அசையாமல் நின்றுவிட்டோம். பிறகு கோயம்புத்தூர்க்காரர் மடிக்கணினிப் பையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு லாரியின் மேல் ஏறினார். பையன்கள் கீழே கை கொடுத்து நின்றார்கள். முதல் தொட்டி சாய்ந்ததும் அழுகல் தண்ணீர் அவர் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை வழிந்தது.

"பாத்து, பாத்து" என்றார் மேடம்.

"பரவால்லீங்க மேடம். இது ஒரு பக்கம் கனமா இருக்குதுங்க, யாராவது புடிங்க."

எனக்கு ஒரு கையில் வாளி, மறு கையில் அவருடைய பை. மேடத்துக்கு உயரம் எட்டவில்லை. லாரி ஓட்டுநரின் போன் அடித்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். அடித்துக்கொண்டிருந்த போனை அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, லாரியின் மேல் ஏறி, தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.